சரிவுக்கு இந்தப் பக்கம்

கண்ணை எடுக்கக் கூடாது. என் வேலை இப்போது அது ஒன்றுதான், கிளாட்வினுடைய முதுகில் இருக்கும் அந்தச் சிவப்புப் பையிலிருந்து கண்ணை எடுக்கக் கூடாது, இமைக்கலாம், மூக்கைத் துடைக்கலாம், ஆனால் பார்வை அங்கேயே இருக்க வேண்டும், ஏனென்றால் மேலேயிருந்து பனி சரிந்து அவனை இழுத்துக்கொண்டு போனால் கடைசியாக அவன் எந்த இடத்தில் தெரிந்தான் என்று சொல்ல இந்த மலையில் வேறு ஆள் கிடையாது. ஒருவர் கடக்கும்போது மற்றவர் பாறையிலோ மரத்தடியிலோ நின்று பார்க்க வேண்டும், இரண்டு பேரும் சேர்ந்து சரிவில் கால் வைக்கக் கூடாது, இரண்டு பேரும் புதைந்தால் யார் தோண்டுவது, இதையெல்லாம் பயிற்சியில் சொல்லிக் கொடுத்தபோது எனக்குக் கல்யாணத்தைப் பற்றிச் சொல்வதுபோல இருந்தது, அன்றைக்குச் சிரிப்பு வந்தது, கிளாட்வின் முழங்கையால் இடித்தான், சும்மா இருடி என்றான். இப்போது நான் பாறையில் நிற்கிறேன். அந்தப் பக்கம் இன்னொரு பாறை முதுகு, அதில் இலையில்லாத நாலைந்து மரங்கள், அங்கே போய்ச் சேர்ந்தால் பயமில்லை, அதற்கப்புறம் காட்டுக்குள் இறக்கம், ஊர், ரோடு, பஸ். நடுவில் இந்த வெள்ளைச் சரிவு. ஒரு தெருவின் நீளம்கூட இருக்காது, தூத்துக்குடியில் எங்கள் வீட்டு வாசலிலிருந்து மாதா கெபி முனை வரை உள்ள தூரம்தான், அம்மா சோற்றை வடித்துவிட்டு மெழுகுவத்தி ஏற்றப் போய்விட்டு வரும் தூரம், அந்தத் தூரத்தில் ஒரு மனிதனுக்கு என்ன ஆகிவிடும் என்று யாரிடம் கேட்டாலும் ஒன்றும் ஆகாது என்றுதான் சொல்வார்கள். மேலே முகட்டில் காற்று அடித்துச் சேர்த்த பனி கூரைச் சாய்ப்பு மாதிரி வெளியே நீட்டிக்கொண்டு தொங்குகிறது, அதன் நுனியில் வெயில் பட்டு மின்னுகிறது, கீழே சரிவு ஒரு இடுக்கில் போய் முடிகிறது, இடுக்கு குறுகல், மேலிருந்து வருகிறதெல்லாம் அதற்குள் போய்த்தான் குவியும். அதையும் பார்க்கக் கூடாது. சிவப்புப் பை, சிவப்புப் பை.

இடுப்பு வாரைக் கழற்றிவிட்டுத்தான் போயிருக்கிறான், அதுவரை நல்லது, பனி இழுத்தால் பையை உதறிவிட்டு நீந்தலாம், நீந்துவதாவது, ஆனால் அப்படித்தான் சொல்வார்கள். மார்பில் பீக்கன் கட்டியிருக்கிறான், புதைந்தவன் எங்கே கிடக்கிறான் என்று என் மார்பிலிருக்கும் கருவிக்கு அது கூவிச் சொல்லும், கிளம்பும் முன்னால் இரண்டையும் பக்கத்தில் வைத்துச் சோதித்துப் பார்த்தோம், அது ஒன்றில்தான் காலையில் எங்களுக்குள் சண்டை வரவில்லை. மற்ற எல்லாவற்றிலும் வந்தது. ராத்திரி முழுக்க மேகம் மூடிக் கிடந்தது, கூடாரத் துணியைத் தொட்டுப் பார்த்தால் ஈரம்தான், விறைப்பு இல்லை, சித்திரை மாதத்து மலையில் ராத்திரி வானம் திறந்து குளிர் இறங்கினால்தான் பகலில் இளகின பனி மறுபடி கல்லாகும், கல்லானால் விடியும் முன்னே அதன்மேல் தட்டுத் தட்டென்று நடந்து போய்விடலாம், மேகம் மூடினால் போர்வை போர்த்தின மாதிரி சூடு உள்ளேயே நிற்கும், உறையாது. விடிகாலையில் வெளியே வந்து கையை முஷ்டியாக்கிப் பனியில் குத்தினேன், மணிக்கட்டு வரை போயிற்று. "உறையல. இன்னைக்கு வேண்டாம்" என்றேன். "வெயில் ஏறுமுன்ன போயிருவோம்" என்றான். "அடுப்பே இன்னும் பத்த மாட்டேங்கு, எங்க போக?" "நீ அடுப்பப் பாரு, நான் கூடாரத்த மடிக்கேன்." அப்புறம் அடுப்பு பற்றியது, பனி உருகித் தண்ணீராக எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று இத்தனை வருஷமாகியும் அவன் கணக்கில் வராது, கஞ்சி குடித்து முடித்தபோது மேகம் விலகி எதிர் மலையில் வெயில் மஞ்சளாக இறங்கிக்கொண்டிருந்தது, அழகாக இருந்தது, அவன் அதைப் பார்த்துவிட்டு, பாத்தியா, தெளிஞ்சிட்டு, என்றான். தெளிந்ததுதான் தப்பு என்று நான் சொல்லவில்லை. சொன்னேன். சொன்னேனா? மனசுக்குள் சொன்னதும் வாயால் சொன்னதும் கொஞ்ச காலமாக எனக்குக் குழம்பிப் போகிறது, வீட்டில் மூன்றாவது தடவை சொல்கிறேனோ என்கிற சந்தேகத்தில் நான் முதல் தடவையே சொல்லாமல் விட்டிருக்கிறேன், அவனும் கேட்ட மாதிரியே தலையாட்டியிருக்கிறான். வந்த வழியே திரும்பலாம் என்றேன், அது நிச்சயமாக வாய்விட்டுச் சொன்னது, வந்த வழி நீளம், ஆனால் அகலமான பள்ளத்தாக்கு, மேலிருந்து எதுவும் விழாது. "மறுபடியும் அவ்வளவு தூரமா? அந்தா தெரியுது பாரு மரம். கைய நீட்டினா தொட்டுரலாம்." நீட்டித் தொட்டுக்கொள் என்று நான் சொல்லவில்லை. அவன் பையை மாட்டினான். நான் பார்க்காவிட்டால் வேறு யார் பார்ப்பார்கள், அதனால் கூட வந்தேன், பாறை வரை.

இப்போது நாலில் ஒரு பங்கு போயிருப்பான். கால் கணுக்கால் வரைதான் புதைகிறது, அதுவரை சரி, முழங்கால் வரை புதைய ஆரம்பித்தால் திரும்ப வேண்டும், அது அவனுக்கும் தெரியும். தெரிவது வேறு. என்னிடம் காது சோதிக்க வருகிற பெரியவர்களுக்கும்தான் தெரியும், சண்டிகரில் என் கிளினிக்கில் கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, காதில் மாட்டி, சத்தம் கேட்டால் மட்டும் பொத்தானை அமுக்குங்கள் என்று சொல்லித்தான் கதவைச் சாத்துகிறேன், ஆனாலும் நான் சத்தமே அனுப்பாத நேரத்தில் அமுக்குவார்கள், கேட்டது என்று சத்தியம் பண்ணுவார்கள், பொய்யில்லை, கேட்க வேண்டும் என்கிற ஆசை அவர்கள் காதுக்குள் ஒரு சத்தத்தை உண்டாக்கிவிடுகிறது. கிளாட்வினும் இந்தச் சரிவைப் பார்த்துப் பொத்தானை அமுக்கிவிட்டான், கெட்டியாக இருக்கு, போகலாம். எனக்கு வேறு கேட்கிறது. பனிக்கு அடியில் தண்ணீர் ஓடுகிறது. மூடின வாய்க்குள் நாக்குப் புரளுவது மாதிரி, மெல்ல, நின்று நின்று, பாறையும் பனியும் ஒட்டியிருக்கும் இடத்தில் அது ஓடிக்கொண்டே இருக்கிறது, ஒட்டைப் பிரித்துக்கொண்டே. இது எனக்கு மட்டும் கேட்கிறதா, நானும்தான் பொத்தானை அமுக்குகிறேனா. இசக்கி போனதிலிருந்து எனக்குப் பனியில் எப்போதும் தண்ணீர் ஓடுகிறது, ஃபிரிட்ஜைத் திறந்தால்கூட ஓடுகிறது, பயந்தவளின் காதை எந்தக் கருவியில் சோதிப்பது. கண் கூசுகிறது. கறுப்புக் கண்ணாடி போட்டும் கூசுகிறது. சின்ன வயதில் உப்பளத்தைக் கடந்து பள்ளிக்கூடம் போகும்போது இப்படித்தான் கூசும், பாத்தி பாத்தியாக வெள்ளை, கண்ணை இடுக்கிக்கொண்டு ஓடுவோம், ஆனால் உப்பு கிடந்த இடத்தில் கிடக்கும், நம் தலைமேல் தொங்காது, நம் காலடிக்காகக் காத்திருக்காது. காத்திருக்கிறது என்று நினைப்பதே கிறுக்குத்தனம், பனிக்கு என்ன தெரியும், ஆள் வந்தான் ஆள் போனான் என்பதெல்லாம் அதற்கு ஒன்றுமில்லை, எடை கூடுகிறது, ஒட்டு விடுகிறது, வழுக்குகிறது, அவ்வளவுதான், கடவுள்கூட இல்லாத ஒரு இடம் இது, கூப்பிட்டால் கேட்கிற ஆள் யாரும் இந்த வெள்ளைக்குள் கிடையாது. சேசுவே. சிவப்புப் பை. அங்கேதான் இருக்கிறது. நகர்கிறது.

இசக்கிராஜும் சிவப்புதான் போட்டிருந்தான். இல்லை, ஆரஞ்சு. எங்கள் இரண்டு பேரையும் மலைக்குக் கூட்டி வந்ததே அவன்தான், கிளாட்வினுடன் பாளையங்கோட்டையில் ஒன்றாகப் படித்தவன், வேலை கிடைத்து நாங்கள் சண்டிகருக்கு வந்ததும் முதல் ஞாயிற்றுக்கிழமையே வீட்டுக்கு வந்து, மதினி, கடல் பாத்தது போதும், வாங்க, இங்க ஒண்ணு இருக்கு பாருங்க என்று கூட்டிக்கொண்டு போனான். போன வருஷத்துக்கு முந்தின வருஷம், இதே மாதம், வேறு பள்ளத்தாக்கு. கிளாட்வின் முதலில் கடந்து அந்தக் கரையில் நின்றான், இசக்கி அடுத்து, நான் கடைசி, நானும் இசக்கியும் ஒரு தேவதாரு மரத்தடியில் நின்றோம், வெயில் ஏறியிருந்தது, அவன் பனியை ஒரு கை அள்ளிப் பிழிந்தான், விரலிடுக்கில் தண்ணீர் வழிந்தது, அதை எனக்குக் காட்டினான், "என்ன மதினி, துணி அலசின மாதிரி இருக்கு" என்றான், சிரிக்கவில்லை. அப்புறம் போனான். அவன் அந்தப் பனியைப் பிழிந்ததற்கும் போனதற்கும் நடுவில் ஒரு சின்ன இடம் இருக்கிறது, நினைப்பு அதுவரை வந்து நிற்கும், மாடு பாலத்தில் கால் வைக்க மாட்டேன் என்று நிற்குமே அப்படி, சுற்றிக்கொண்டு அடுத்ததற்குப் போய்விடும். அடுத்தது சத்தம். எல்லாரும் இடி மாதிரி இருந்ததா என்று கேட்டார்கள், இல்லை, லாரியில் வந்த ஈர மணலைச் சாய்த்துக் கொட்டுகிற சத்தம், சாவதானமான சத்தம், அவசரமே இல்லை அதற்கு, இசக்கி திரும்பிப் பார்த்தான், என்னையா கிளாட்வினையா தெரியாது, அப்புறம் ஆரஞ்சு கொஞ்சம், கை ஒன்று, அப்புறம் வெள்ளை. என் பீக்கன் கூவியது, நான் அவனைக் கண்டுபிடித்தேன், சீக்கிரமாகத்தான் கண்டுபிடித்தேன், தோண்டத்தான் முடியவில்லை, ஈரப் பனி நின்றவுடன் சிமெண்டு மாதிரி இறுகிவிடுகிறது, மண்வாரி பட்டால் டங்கென்று தெறிக்கிறது, கிளாட்வின் அந்தப் பக்கத்திலிருந்து ஓடி வந்து கையாலேயே பறண்டினான், நகமெல்லாம் ரத்தம். வாய் நிறையப் பனியோடு இருந்தான் இசக்கி. கோவில்பட்டியில் அவன் வீட்டுக்குப் போனபோது அவன் மனைவி பேச்சியம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டது ஒன்றே ஒன்று, "அக்கா, அவிய பயந்தாவளா?" இல்லை என்றேன். கிளாட்வின் பக்கத்தில் நின்று, ஒரு நொடிம்மா, விதிதான், யாராலயும் ஒண்ணும் செய்ய முடியாத மாதிரி ஆயிட்டு, என்றான். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தரையில் எறும்பு சாரையாகப் போய்க்கொண்டிருந்தது. சண்டிகருக்குத் திரும்பும் ரயிலில் அவன் ஒரு தடவை என்னைப் பார்த்தான், என்ன என்றேன், ஒண்ணுமில்ல என்றான், அதுதான், அதற்கப்புறம் நாங்கள் பால், கரண்ட் பில், அவன் அம்மாவின் சர்க்கரை, வாஷிங் மிஷினில் வருகிற சத்தம், இதைத் தவிர வேறு எதைப் பேசினோம்.

பாதியில் நிற்கிறான். ஏன் நிற்கிறான், நிற்கக் கூடாது, போ. மூச்சு வாங்குகிறான். முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே வரை புதைந்திருக்கிறான், இடது காலை உருவ இரண்டு தடவை இழுக்கிறான். மேலே முகட்டிலிருந்து ஒரு சின்னப் பனி உருண்டை கிளம்பி உருண்டு வருகிறது, உருள உருளப் பாய் சுருட்டுகிற மாதிரி பருத்துக்கொண்டு, அவனுக்கு மேலே கொஞ்ச தூரத்தில் சோர்ந்து நின்றுவிடுகிறது, அப்புறம் இன்னொன்று, பக்கத்தில் இன்னொன்று, சரிவு முழுக்கக் கோடு கோடாக இழுத்து வைக்கின்றன. இது அடையாளம். பனி தன் பிடியை விடப் போகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவாக அது எப்படிச் சொல்லும். கூப்பிடலாம், திரும்பி வா என்று, ஆனால் பாதியில் இருப்பவனுக்கு இரண்டு கரையும் ஒரே தூரம்தான், கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பான், பார்க்கிற நேரம் வீண், வாயைப் பொத்திக்கொள்கிறேன், கையுறையில் மண்ணெண்ணெய் வாடை. இவன் செத்தால் எனக்கு எப்படி இருக்கும் என்று ஒரு நினைப்பு வருகிறது, வரட்டும், வந்ததை என்ன செய்ய, வீட்டில் அவன் செருப்பு, அவன் பாதி படித்துக் கவிழ்த்து வைத்த புத்தகம், அவன் அம்மாவிடம் போனில் என்ன சொல்வது, ஒரு நொடிம்மா, விதிதான், என்று நானும் சொல்வேனா. அழுகை வரவில்லை, கோபம் வருகிறது, இரண்டு வருஷம் மலைப் பக்கமே போகாமல் இருந்துவிட்டுப் போன மாதம் திடீரென்று பையைத் தூசி தட்டி எடுத்தானே, "மறுபடியும் போனாத்தான் சரியாவும், ஜெசி" என்றானே, எது சரியாகும் என்று நான் கேட்கவில்லை, கேட்டிருந்தால் அதையாவது பேசியிருப்போம் என்றுதான் சரி என்று வந்தேன், இத்தனை நாள் நடையில் பேசுவோம் என்று, நடக்கும்போது அவன் முன்னால் போனான், நான் பின்னால். நடக்க ஆரம்பித்துவிட்டான். சிவப்புப் பை நகர்கிறது. நகரு ராசா. கல்யாணமான புதிதில் கூப்பிட்ட பேர், எங்கிருந்து வந்தது இப்போது. மரம் பக்கம் வந்துவிட்டான். கை நீட்டுகிறான். பாறையில் ஏறிவிட்டான். நான் பாறையில் உட்கார்ந்துவிடுகிறேன். மூச்சை இவ்வளவு நேரம் எங்கே வைத்திருந்தேன்.

இனி என் முறை. அவன் அங்கே பையை இறக்கிவிட்டு இடுப்பில் கை வைத்து நிற்கிறான், இப்போது அவன் என்னைப் பார்க்க வேண்டும், பார்க்கிறான். நான் எழுந்து இடுப்பு வாரைக் கழற்றுகிறேன், ஊன்றி நடக்கும் தடிகளின் வார்களிலிருந்து கையை உருவுகிறேன், ஜாக்கெட்டின் ஜிப்பைக் கழுத்து வரை இழுக்கிறேன், எல்லாம் கை தானாகச் செய்கிறது. அவன் போன தடத்திலேயே கால் வைத்தால் போதும், அவன் எடையைத் தாங்கினது என் எடையைத் தாங்காதா, அப்படித்தான் எல்லாரும் நினைப்பார்கள், தாங்கின ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமாக ஒட்டு விட்டிருக்கும் என்பதை யார் நினைப்பார்கள், இசக்கிக்கு முன்னால் கிளாட்வினையும் அந்தச் சரிவு தாங்கத்தானே செய்தது. முதல் காலை வைக்கிறேன். அவன் கணுக்கால் வரை புதைந்த அதே இடத்தில் நான் முழங்கால் வரை போகிறேன். இந்தக் கொஞ்ச நேரத்துக்குள். குழிக்குள் பனி சாம்பல் நிறத்தில் இருக்கிறது, ஊறின அரிசி மாதிரி மணி மணியாக, ஒன்றை ஒன்று பிடிக்காமல். காலுக்குப் பக்கத்தில் விரல் அகலத்தில் ஒரு வெடிப்பு, அவன் தடத்தைக் குறுக்கே வெட்டிக்கொண்டு மெல்லப் போகிறது, நான் வைத்த காலாலா, முன்னாலேயே இருந்ததா. காலை உருவிக்கொண்டு பாறைக்கு வருகிறேன். நிற்கிறேன். அவன் கையை ஆட்டுகிறான், ஏன் நிற்கிறாய் என்கிற ஆட்டல். நான் தலையை ஆட்டுகிறேன், அது அவனுக்குத் தெரிந்திருக்காது. அப்போதுதான் அவன் இரண்டு கையையும் வாயில் குவித்துக்கொண்டு கத்துகிறான்.

"வா, ஒண்ணும் ஆகாது!"

சரிவைக் கடந்து அந்தக் குரல் வந்து சேருகிறது, வந்து சேரும்போது இந்தச் சரிவு இல்லை, தேவதாரு மரம், இசக்கி, அவன் விரலிடுக்கில் வழிகிற தண்ணீர். அன்றைக்கு இசக்கி பிழிந்த பனியைக் கீழே போட்டுவிட்டு, இல்ல மதினி, நாம திரும்பிருவோம், சாயங்காலம் பாத்துக்கலாம், என்று பையின் வாரை மறுபடி இடுப்பில் மாட்டப் போனான், பக்கிளின் ஒரு முனையைப் பிடித்தும்விட்டான், அப்போது அந்தக் கரையிலிருந்து இதே குரல், இதே குவித்த கை, "ஏல இசக்கி, வாலே, ஒண்ணும் ஆகாது! பொட்டப்பிள்ள மாதிரி நிக்க!" இசக்கி என்னைப் பார்த்துத் தோளைக் குலுக்கினான். பக்கிளை விட்டுவிட்டான். போனான். அதுதான் அந்தச் சின்ன இடம், மாடு கால் வைக்காத பாலம், இவ்வளவுதான் அது, ஒரு ஆள் கூப்பிட்டான் ஒரு ஆள் போனான், வேறு என்ன. விதி என்றால் அதற்கு ஒரு குரல் இருக்கிறது, தூத்துக்குடிக் குரல், கொஞ்சம் மூக்கால் வருகிற குரல், நான் பக்கத்தில் படுத்துத் தூங்குகிற குரல். எனக்குக் கோபம்கூட இப்போது இல்லை, உடம்பு முழுக்க ஏதோ இறங்கிப் போகிறது, இறங்கிப் போன பிறகு தெளிவாக இருக்கிறது, பனியைப் பற்றித் தெளிவு, அவனைப் பற்றியும் தெளிவு, இரண்டும் ஒன்றாக. "நான் வரல!" என்று கத்துகிறேன். என் குரல் எனக்கே புதிதாக இருக்கிறது. "என்னது?" "நான் வரல! உறையல, நீ இறங்கிப் போ! நான் வந்த வழியே போறேன்!" அவன் சுற்றும் முற்றும் பார்க்கிறான், அங்கே யாரோ இருக்கிற மாதிரி. "கிறுக்கா உனக்கு? ஒத்தையில எப்படிப் போவ?" கூடாரம் என் பையில், அடுப்பு அவன் பையில், ரொட்டியும் கடலை மிட்டாயும் என்னிடம் கொஞ்சம் இருக்கிறது, தண்ணீர் பாட்டிலைப் பனி அடைத்து வெயிலில் வைத்தால் உருகும், போய்விடலாம், நன்றாகவே போய்விடலாம், இதையெல்லாம் கத்திச் சொல்ல முடியாது. "போயிருவேன்!" "நில்லு, நான் வந்து கூட்டிட்டுப் போறேன்!" என்று சொல்லிக்கொண்டே அவன் பாறையிலிருந்து சரிவில் கால் வைக்கிறான், பையில்லாமல், ஒரு எட்டு, இரண்டாவது எட்டு, தொடை வரை புதைந்து தடுமாறி, மூன்றாவது, அவனுக்கு நேர் மேலே முகட்டிலிருந்து உருண்டைகள் ஒரு கைப்பிடிப் பட்டாணியைச் சிந்தின மாதிரி கிளம்புகின்றன, "வராத! கிளாட்வின், வராத!" அவன் கேட்கவில்லை, கையை வீசிச் சமாளித்துக்கொண்டு அடுத்த காலைத் தூக்குகிறான், "இசக்கியயும் நீ இப்படித்தான் கூப்பிட்ட!"

நின்றுவிட்டான். தூக்கின கால் அப்படியே இருக்கிறது, அப்புறம் மெல்லக் கீழே இறங்குகிறது. உருண்டைகள் அவனைத் தாண்டிப் போய்க் கீழே இடுக்கில் அடங்குகின்றன. அவன் முகம் எனக்குத் தெரியவில்லை, கறுப்புக் கண்ணாடியும் தாடியும்தான், இந்தத் தூரத்தில் ஒரு முகம் எவ்வளவு தெரியும். நான் சொன்னது நிஜமாகவே வாயால் சொன்னதுதானா என்று ஒரு நிமிஷம் சந்தேகமாக இருக்கிறது. பிறகு அவன் பேசுகிறான், கத்தவில்லை, ஆனால் காற்று நின்றிருக்கிறது, எனக்குக் கேட்கிறது, "அன்னைக்கு நான் கூப்பிட்டது உனக்குக் கேட்டுதா?" இரண்டு வருஷம். காற்று குறுக்கே வீசியதால் அது சரிவோரம் நின்ற இசக்கிக்கு மட்டும் கேட்டிருக்கும், எனக்கு எட்டியிருக்காது என்று நினைத்துக்கொண்டு, இல்லை, எட்டியிருக்குமோ என்று நினைத்துக்கொண்டு, ஒவ்வொரு நாளும் காபி குடிக்கும்போது அவன் என் முகத்தைப் பார்த்தது அதற்குத்தானா, ரயிலில் பார்த்தது அதற்குத்தானா. இல்லை என்று சொல்லலாம். பேச்சியம்மாளிடம் இல்லை என்று சொன்ன மாதிரி, அது ஒரு தயவு, அதுவும் என்னிடம் இருக்கிறது. "கேட்டுது" என்கிறேன். சரிவில் தொடை வரை புதைந்து நிற்கிற ஒரு ஆள் அங்கே இருக்கக் கூடாது, எந்த விதியின்படியும் இருக்கக் கூடாது, ஆனால் அவன் நிற்கிறான், நான் அவனையே பார்த்துக்கொண்டிருக்கிறேன், இந்த ஒரு காரியத்தை மட்டும் இன்று நான் சரியாகச் செய்கிறேன், அவனைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "போ" என்கிறேன், "பாறைக்குப் போ, கிளாட்வின்." அவன் திரும்புகிறான். வந்த குழிகளிலேயே காலை வைத்து, கிழவன் மாதிரி, கையை ஊன்றி ஏறிப் பாறைக்குப் போகிறான். அங்கே உட்கார்ந்து குனிந்து முகத்தைக் கையில் வைத்துக்கொள்கிறான். அழுகிறானா, மூச்சு வாங்குகிறானா, தெரியவில்லை. வெகுநேரத்துக்குப் பிறகு எழுந்து பையை மாட்டுகிறான், ஒரு தடவை கையைப் பாதி தூக்குகிறான், மரங்களுக்குப் பின்னால் இறங்கிப் போகிறான். சிவப்பு கொஞ்சம் தெரிகிறது, கிளைக்குப் பின்னால் கொஞ்சம், அப்புறம் இல்லை.

நான் போகவில்லை. வந்த வழியே கிளம்பியிருக்க வேண்டும், ஆனால் பாறையில் உட்கார்ந்து சரிவைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், உச்சி வெயில் வந்து போகிறது, ரொட்டியைக் கடித்து வாயிலேயே வைத்திருக்கிறேன். விழு என்கிறேன். வாய்விட்டே சொல்கிறேன், விழேன், யாரும் இல்லை, இப்போது விழுந்தால் என்ன, நான் சொன்னது சரி என்று ஒரே ஒரு தடவை யாராவது சொல்லட்டும். விழவில்லை. சாய்ப்பு தொங்கிக்கொண்டே இருக்கிறது, உருண்டைகள் வருகின்றன, நிற்கின்றன, தண்ணீர் அடியில் ஓடுகிறது அல்லது எனக்கு ஓடுகிறது. விழுந்திருந்தால் எவ்வளவு சுலபம். நான் கடந்திருந்தால் ஒருவேளை எதுவுமே ஆகாமல் இந்நேரம் இரண்டு பேரும் ஊர்க் கடையில் டீ குடித்துக்கொண்டிருப்போம், இசக்கி பேர் மறுபடி உள்ளேயே போய்ப் படுத்திருக்கும். ஒருவேளை என் வாயிலும் பனி நிறைந்திருக்கும். இரண்டில் எது என்று எனக்கு ஒருநாளும் தெரியப் போவதில்லை, போகாமல் இருந்தவளுக்கு எந்தச் சாட்சியும் கிடையாது, வீட்டுக்குப் போனதும் அவன் கேட்பானா, ஒண்ணும் விழலியே ஜெசி என்று, கேட்டால் என்ன சொல்வேன், கேட்காவிட்டால் அது இன்னும் மோசமாக இருக்குமா. எப்படியும் ஒரு வீட்டுக்குத்தான் இரண்டு வழியும் போகிறது, சாவி அவனிடம் ஒன்று என்னிடம் ஒன்று. வெயில் மலைக்குப் பின்னால் இறங்குகிறது, நிழல் இடுக்கிலிருந்து மேலே ஏறிச் சரிவை மூடுகிறது, மூடின இடமெல்லாம் நீலமாகிறது, மேலே வானம் துடைத்து வைத்த மாதிரி. கையுறையைக் கழற்றித் தொட்டுப் பார்க்கிறேன், மேல்தோல் விறைக்க ஆரம்பித்திருக்கிறது, இன்றைக்கு ராத்திரி நன்றாக உறையும், நாளை விடியலில் ஒரு குழந்தைகூட இதன்மேல் நடந்து போகலாம். நான் போக மாட்டேன். பையை மாட்டி இடுப்பு வாரை இறுக்கிப் பூட்டிக்கொண்டு, பள்ளத்தாக்குப் பக்கம் திரும்பும் முன்னால் ஒரு தடவை பார்க்கிறேன். சரிவில் ஒன்றும் ஆகவில்லை. அவன் காலடிகள் மட்டும் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குப் போயிருக்கின்றன, அந்தக் கரையில் மூன்று எட்டு என்னைப் பார்த்து வந்து, நின்று, அதே குழிகளில் திரும்பிப் போயிருக்கின்றன.